இடுப்பு வளைவு: கண்ணால் பார்த்துச் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

சேலத்தில் இடுப்பு வலிக்குப் பஞ்சமே இல்லை. அம்மாப்பேட்டையில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் சம்மணமிட்டுக் குனிந்தபடி கொலுசு வேலை பார்ப்பவர், லீ பஜாரில் மூட்டை தூக்குபவர், ஏற்காட்டுச் சரிவில் நின்று காப்பிப் பழம் பறிப்பவர், ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் என்று எல்லோருக்கும் ஏதாவது ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அப்புறம் யாரிடமாவது காட்டுகிறார்கள். அவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லி ஒரு பார்வை பார்க்கிறார். "இடுப்பு ரொம்ப உள்ளே வளைஞ்சிருக்கு, அதான் வலி" என்கிறார். வலி விடவில்லை என்று இன்னொருவரிடம் போனால், அவர் அதே முதுகைப் பார்த்து, "வளைவே இல்லையே, தட்டையால்ல இருக்கு" என்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த இரண்டில் எது சரி என்று கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு என் பதில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இரண்டு பேருமே அந்த ஒரு பார்வையை வைத்து அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை, மருத்துவப் படிப்பு இல்லாதவர்களுக்கும் புரியும்படி இங்கே விளக்கப் பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பள்ளிக்கூடச் சதவீதக் கணக்கு தெரிந்தால் போதும்.

முதலில், அந்த வளைவு

முதுகெலும்பு நேர்க்கோடு இல்லை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று தனித்தனி எலும்புகள், அவற்றின் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்புகளாலான சேக்ரம். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து முன்னோக்கி வளையும், மார்புப் பகுதி பின்னோக்கி வளையும், இடுப்பு மறுபடி முன்னோக்கி வளையும். இந்தக் கடைசி வளைவைத்தான் மருத்துவர்கள் லம்பார் லார்டோசிஸ் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதோ நோய் வந்துவிட்டதாகப் பலர் பயந்துபோகிறார்கள். நிமிர்ந்து நடக்கிற எல்லோரிடமும் உள்ள வளைவுதான் அது. பிறந்த குழந்தையிடம் இது அவ்வளவாகத் தெரியாது. எழுந்து நின்று நடக்கப் பழகும்போதுதான் தெளிவாக உருவாகிறது.

இந்த வளைவு இடுப்பு முழுக்க ஒரே மாதிரி பரவியிருப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கடைசி இரண்டு எலும்புகளுக்கும் சேக்ரத்துக்கும் இடைப்பட்ட இடத்திலேயே அடங்கிவிடுகிறது. ஐந்தாவது இடுப்பு எலும்பும் அதன் கீழுள்ள டிஸ்கும், நம் ஊர்ப் பேச்சில் ஜவ்வும், முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் குட்டையாகவும் ஆப்பு வடிவத்தில் இருப்பதே காரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் பெரும்பகுதி இருக்கிற இடம், வேட்டியோ சேலையோ பேண்ட்டோ மறைக்கிற இடம்.

சரி, எவ்வளவு வளைவு இருந்தால் அது சரியான அளவு? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஆரோக்கியமான பெரியவர்களை எக்ஸ்ரே எடுத்து அளந்தால் ஒருவருக்கு 40 பாகை இருக்கும், இன்னொருவருக்கு 70 இருக்கும், இரண்டு பேருக்கும் வலி இருக்காது. இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் இடுப்புக்கூட்டின் அமைப்பு. சேக்ரத்தின் மேல்தளம் தொடை எலும்பு மூட்டுகளைப் பொறுத்து எந்தச் சாய்வில் அமைந்திருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு கோணம் உண்டு. அதைப் பெல்விக் இன்சிடென்ஸ் என்பார்கள். 1990களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். வளர்ச்சி முடிந்த பிறகு இந்தக் கோணம் பெரிதாக மாறுவதில்லை. சிலருக்கு 35 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும், சிலருக்கு 80ஐத் தாண்டும். இந்தக் கோணம் பெரிதாக இருப்பவருக்கு நிமிர்ந்து நிற்க வளைவும் பெரிதாகத்தான் வேண்டும். அவருடைய இடுப்பை 'நேராக்க' முயல்வது, நெட்டையானவரைக் குட்டையாக்கப் பார்ப்பது மாதிரிதான். பிரான்சைச் சேர்ந்த பியர் ரூசூலியும் அவருடைய குழுவினரும் முதுகு வலி இல்லாத 160 பேரைப் படமெடுத்துப் பார்த்து, அவர்கள் நிற்கும் விதத்தை நான்கு வகையாகப் பிரித்து 2005இல் வெளியிட்டார்கள். நான்குமே நலமாக இருப்பவர்களின் முதுகுகள். அவற்றில் ஒன்று கிட்டத்தட்டத் தட்டையானது, இன்னொன்று ஆழமாக வளைந்தது.

ஆக, 'சரியான வளைவு' என்று எல்லோருக்கும் பொதுவான ஒற்றை அளவு இல்லை. பார்க்கிறவர் மனதில் ஏதோ ஒரு முதுகு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பார்த்ததோ தன்னுடையதோ, அதோடு உங்கள் முதுகை ஒப்பிட்டுவிட்டு 'அதிகம்', 'குறைவு' என்கிறார்.

கண்ணுக்குத் தெரிவது எலும்பு இல்லை

இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கவாட்டில் நிற்கும் ஒருவரைப் பார்க்கும்போது தெரிவது தோல். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் கொழுப்பும் தசையும் இருக்கின்றன. மூட்டை தூக்கிப் பழகியவரின் முதுகெலும்பை ஒட்டிய தசைகள் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும். அதனால் நடுப்பள்ளம் ஆழமாகத் தெரியும், வளைவு இருக்கிறதைவிட அதிகம் என்று தோன்றும். பிட்டம் பெரிதாக இருப்பவருக்கும் இதே மயக்கம் ஏற்படும். கறுப்பினப் பெண்களுக்கு இடுப்பு வளைவு அதிகம் என்று அமெரிக்காவில் நெடுநாள் நம்பிக்கை இருந்தது. 1989இல் வெளியான ஓர் ஆய்வு எக்ஸ்ரேயில் அளந்து பார்த்தபோது எலும்பின் வளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெளியே தெரிந்த வேறுபாட்டுக்குப் பிட்டத்தின் அமைப்புதான் காரணம். ஒரு தலைமுறை மருத்துவர்களின் கண் சதையைப் பார்த்து எலும்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

வயிறு முன்தள்ளியிருந்தால் கண் முதுகிலும் வளைவைக் கற்பனை செய்துகொள்கிறது. சேலைக் கொசுவமும் இடுப்பில் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும் கோடுகளை மாற்றிக் காட்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால் நிழல் பள்ளத்தை ஆழப்படுத்தும்.

நிற்பவரும் சிலை இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் முதுகைக் காட்டி நிற்கும்போது நாம் இயல்பாக நிற்பதே இல்லை. நெஞ்சை நிமிர்த்துகிறோம், வயிற்றை உள்ளே இழுக்கிறோம், முழங்காலை விறைக்கிறோம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி இறங்கி வந்தவரும், பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவரும் ஒரே மாதிரி நிற்பார்களா? ஒருவரையே நான்கு முறை நடக்கவிட்டு நான்கு முறை நிற்கச் சொல்லி அளந்தால்கூட வளைவு சில பாகை மாறத்தான் செய்கிறது. கையைத் தொங்கவிட்டால் ஒன்று, முன்னால் கட்டிக்கொண்டால் இன்னொன்று.

நம்பகம் என்றால் என்ன

இங்கே இரண்டு வெவ்வேறு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் அதே முதுகை இன்று ஒரு முறையும், அதை மறந்த பிறகு இன்னொரு முறையும் பார்த்தால் அதே பதிலைச் சொல்வாரா? இது முதல் கேள்வி. இரண்டு பேர் தனித்தனியாக அதே முதுகைப் பார்த்தால் ஒரே பதிலைச் சொல்வார்களா? இது இரண்டாவது. முதலாவதில் தேறுகிறவர் இரண்டாவதிலும் தேறுவார் என்று சொல்ல முடியாது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கொலுசைக் கையில் வாங்கியதும் எடை சொல்வார்கள். அப்படி ஒருவர் நேற்று சொன்னதும் இன்று சொல்வதும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் அவர் கைக்கும் எதிரே இருக்கும் வியாபாரி கைக்கும் ஒத்துப்போகுமா? அதனால்தான் வெள்ளி கைமாறும்போது இரண்டு பேரும் தராசைத்தான் பார்க்கிறார்கள். இருவருக்கும் தொழில் தெரியும். ஆனாலும் ஒருவர் கையில் இருக்கும் அளவு இன்னொருவர் கையில் இருக்காது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இருவரும் ஒரே பதிலைச் சொன்னாலும் அது உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மேலே சொன்ன 1989 கதை அப்படித்தான். எல்லோரும் ஒரே மாதிரி ஏமாந்திருந்தார்கள்.

தற்செயலாக ஒத்துப்போவதைக் கழிப்பது எப்படி

இரண்டு பேர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கேட்டால், 100 பேரைப் பார்த்து எத்தனை பேருக்கு ஒரே பதில் சொன்னார்கள் என்று எண்ணினால் போதுமே என்று தோன்றும். போதாது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்.

இரண்டு பிசியோதெரபிஸ்ட்டுகள் 100 பேரைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். 'வளைவு அதிகம்' அல்லது 'அதிகமில்லை' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். இருவருமே எதற்கெடுத்தாலும் 'அதிகம்' என்று சொல்கிற வகை. இருவரும் 70 பேருக்கு 'அதிகம்', 30 பேருக்கு 'அதிகமில்லை' என்று எழுதுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் 62 பேருக்கு ஒரே பதில். 62 சதவீதம் என்றால் பரவாயில்லையே என்று தோன்றுகிறது அல்லவா?

இப்போது அந்த இருவரும் நோயாளியைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு குலுக்கல் சீட்டு எடுத்து 70க்கு 'அதிகம்', 30க்கு 'அதிகமில்லை' என்று எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இருவரும் 'அதிகம்' என்று ஒத்துப்போவது 0.7 பெருக்கல் 0.7, அதாவது 49 பேருக்கு. 'அதிகமில்லை' என்று ஒத்துப்போவது 0.3 பெருக்கல் 0.3, அதாவது 9 பேருக்கு. மொத்தம் 58. பார்க்காமலே 58, பார்த்த பிறகு 62. கண்ணைத் திறந்து பார்த்ததால் கிடைத்த லாபம் 4 பேர்தான்.

அதிகபட்சம் எவ்வளவு லாபம் கிடைத்திருக்கலாம்? 100இலிருந்து 58ஐக் கழித்தால் 42. ஆக 42இல் 4, கிட்டத்தட்ட 0.1. இந்த எண்ணுக்குக் கப்பா என்று பெயர். ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960இல் இதை முன்வைத்தார். குலுக்கல் அளவுக்குத்தான் ஒத்துப்போனால் கப்பா 0. எல்லாவற்றிலும் ஒத்துப்போனால் 1. குலுக்கலைவிட மோசமாக இருந்தால் எண் எதிர்மறையில் போகும்.

எவ்வளவு கப்பா இருந்தால் நல்லது? 1977இல் லாண்டிஸ், கோக் என்ற இருவர் ஒரு படிநிலை கொடுத்தார்கள். 0.2 வரை மிகச் சொற்பம், 0.4 வரை சுமார், 0.6 வரை நடுத்தரம், 0.8 வரை நல்ல ஒத்திசைவு, அதற்கு மேல் கிட்டத்தட்ட முழுமை. இந்த எல்லைகளை எந்த இயற்கை விதியிலிருந்தும் எடுக்கவில்லை, தங்கள் கணிப்பில்தான் வகுத்தார்கள். அதை அவர்களே ஒளிக்கவில்லை. பிறகு வந்தவர்கள்தான் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். கப்பாவுக்கு ஒரு குறையும் உண்டு. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வகையில் விழுகிற கூட்டத்தில், பார்ப்பவர்கள் நன்றாகவே ஒத்துப்போனாலும் எண் தாழ்ந்துவிடும். அதனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வரக் கூடாது.

28 பேரைப் பார்க்கவைத்தபோது

நம் கேள்வியை நேராகவே கேட்ட ஆய்வு 2003இல் ஸ்பைன் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஃபெடோராக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் செய்தது. 36 பேரின் பக்கவாட்டுப் புகைப்படங்கள். அவர்களில் 17 பேருக்கு முதுகு வலி உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. பார்த்தவர்கள் 28 பேர். எலும்பு அறுவை மருத்துவர்கள், மறுவாழ்வு மருத்துவர்கள், மூட்டுவாத மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர்கள் என்று முதுகையே தொழிலாகக் கொண்டவர்கள். கழுத்து வளைவையும் இடுப்பு வளைவையும் பார்த்து 'இயல்பு', 'அதிகம்', 'குறைவு' என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு இன்னொரு முறையும் பார்க்கவைத்தார்கள்.

ஒரே ஆள் தன்னோடு தானே ஒத்துப்போனது, சராசரி கப்பா 0.50. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போனது, 0.16.

இந்த இரண்டாவது எண்ணை மறுபடி ஒரு முறை பாருங்கள். மேலே சொன்ன நம் கற்பனை ஜோடி எடுத்தது 0.1. உண்மையான நிபுணர்கள் எடுத்தது அதைவிடக் கொஞ்சம்தான் மேல். முதல் எண்ணும் பெருமைப்படும்படி இல்லை. தான் பார்த்த அதே படத்தை மறுபடி பார்க்கிறவர் தன் பதிலோடு பாதி வழிதான் வருகிறார். அவர் மனதுக்குள் இருக்கும் அளவுகோல் ஓரளவு நிலையாக இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்றுதான் இந்த இரண்டு எண்களையும் சேர்த்து நான் படிக்கிறேன்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டதும் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். அவர்கள் பார்த்தது புகைப்படம், நாங்கள் பார்ப்பது உயிருள்ள ஆள், நடக்கவிட்டு, குனியவிட்டு, தொட்டுப் பார்க்கிறோம் என்பார்கள். ஓரளவு நியாயம்தான். ஆனால் புகைப்படத்தில் எல்லோரும் பார்த்தது அதே நொடி, அதே நிலை. கிளினிக்கில் ஆள் நிற்கும் விதமே முறைக்கு முறை மாறும். அப்படிப் பார்த்தால் புகைப்படம் பார்வையாளர்களுக்குச் சலுகை செய்திருக்கிறது. தொட்டுப் பார்ப்பதும் எல்லோரும் நினைக்கிற அளவுக்குக் கைகொடுப்பதில்லை. இடுப்புக்கூட்டின் மேல்விளிம்பைத் தடவி, அதே மட்டத்தில் நடுவில் இருப்பது நான்காவது இடுப்பு எலும்பு என்று எல்லா மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். எக்ஸ்ரேயோடு சரிபார்த்தால் விரல் ஒரு எலும்பு மேலேயோ கீழேயோ போயிருப்பது சாதாரணம்.

கிளினிக்கில் இன்னொரு வேலையும் நடக்கிறது. வந்தவர் வாசலிலேயே "இடுப்பு வலி" என்று சொல்லிவிடுகிறார். அதைக் கேட்ட காதோடு பார்க்கிற கண், தப்பைத் தேடித்தான் பார்க்கும். தேடினால் கிடைக்காமலா போகும்?

அப்படியானால் அளந்துவிடலாமே

அளக்கலாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மேல் எலும்பின் தளத்துக்கு ஒரு கோடு, சேக்ரத்தின் தளத்துக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம். இதற்குக் காப் கோணம் என்று பெயர். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் காப் 1948இல், முதுகு பக்கவாட்டில் கோணுவதை அளக்கத்தான் இதைப் பிரபலப்படுத்தினார். பிறகு முன்பின் வளைவுக்கும் பயன்பட்டது. இதிலும் ஒருவர் அளப்பதற்கும் இன்னொருவர் அளப்பதற்கும் ஐந்து பாகை அளவுக்கு வித்தியாசம் வருவது சகஜம். போன முறை 48, இந்த முறை 45 என்று ரிப்போர்ட் வந்தால் எதுவும் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வளைவைப் பார்ப்பதற்காக மட்டும் மறுபடி மறுபடி எக்ஸ்ரே எடுப்பதும் நல்லதில்லை, கதிர்வீச்சு சும்மா வருவதில்லை.

படம் எடுத்த விதத்தையும் கவனிக்க வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேன் மல்லாக்கப் படுக்கவைத்து, பெரும்பாலும் முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து எடுப்பது. காலை மடக்கிப் படுத்தாலே இடுப்பு வளைவு குறையும். அந்தப் படத்தைப் பார்த்து எழுதிய ரிப்போர்ட்டில் 'லாஸ் ஆஃப் லம்பார் லார்டோசிஸ்', அதாவது இடுப்பு வளைவு குறைந்திருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தூக்கம் தொலைத்தவர்கள் ஏராளம்.

எக்ஸ்ரே இல்லாமல் அளக்கவும் வழி உண்டு. முதுகின்மேல் வைத்து அழுத்தினால் அதே வடிவில் நிற்கும் வளையும் அளவுகோல், சாய்வைக் காட்டும் இன்க்ளினோமீட்டர், அதே வேலையைச் செய்யும் செல்போன் செயலிகள். இவையும் தோலைத்தான் அளக்கின்றன, ஆகவே எக்ஸ்ரே எண்ணோடு இவற்றின் எண்ணை ஒப்பிட முடியாது. ஆனால் ஒரே ஆள், ஒரே கருவியால், ஒரே இடத்தில் குறிவைத்து, ஒரே மாதிரி நிற்கவைத்து அளந்தால், மூன்று மாதத்தில் ஏதாவது மாறியதா என்று பார்க்க உதவும். கண்ணைவிட இது எவ்வளவோ மேல்.

அளந்து என்ன ஆகப்போகிறது

இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். வளைவைத் துல்லியமாகவே அளந்துவிட்டோம் என்று வையுங்கள். அதற்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்?

முதுகு வளைவுகளையும் உடல்நலத்தையும் பற்றி வந்த ஆய்வுகளை 2008இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் தொகுத்துப் பார்த்தபோது, வளைவுக்கும் முதுகு வலிக்கும் உறுதியான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. 2017இல் வந்த இன்னொரு தொகுப்பு, வலி உள்ளவர்களுக்குச் சராசரியாக வளைவு கொஞ்சம் குறைவு என்றது. கவனியுங்கள், குறைவு. நம் ஊரில் பலருக்கும் சொல்லப்படுவது 'அதிகம்' என்பது. அந்தக் 'குறைவு' கூட வலியால் வந்ததா, வலியைத் தந்ததா என்று இந்த மாதிரி ஒப்பீட்டால் சொல்ல முடியாது. இடுப்பு பிடித்துக்கொண்டவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தசை இறுகி, இடுப்பைத் தட்டையாக்கிக்கொண்டு, பலகை மாதிரி நகர்வார். பிடிப்பு விட்டதும் வளைவு தானாகத் திரும்பி வரும்.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது ஜெர்மனியில் நடந்து 2016இல் வந்த ஓர் ஆய்வு. முதுகு வலி இல்லாதவர்களின் முதுகில் உணர்கருவிப் பட்டைகளை ஒட்டி, 24 மணி நேரம் அவரவர் வேலையைப் பார்க்க அனுப்பினார்கள். கிளினிக்கில் நிற்கவைத்து அளந்தபோது வளைவு சராசரியாக 30 பாகைக்கு மேல் இருந்தது. நாள் முழுவதற்குமான சராசரி 10 பாகைகூட இல்லை. உட்காருகிறோம், குனிகிறோம், படுக்கிறோம். அப்போதெல்லாம் வளைவு குறைந்துபோகிறது. குழித்தறியில் எட்டு மணி நேரம் இருப்பவரையும் கொலுசுப் பட்டறைக்காரரையும் நினைத்துப் பாருங்கள். கிளினிக்கில் பக்கவாட்டில் நிற்கும் அந்த அரை நிமிடம் அவர்களுடைய முதுகின் நாளில் எந்த மூலைக்கு?

கண் எங்கே தேவை

கண்ணை மூடிக்கொண்டு வைத்தியம் பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. சின்ன வித்தியாசத்தில்தான் கண் தோற்கிறது. பெரிய மாற்றத்தை அது நன்றாகவே பிடிக்கும். வயதான அம்மா சில மாதத்தில் கூன் விழுந்து உயரம் குறைந்தால், எலும்பு மெலிந்து நொறுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகின் நடுவில் ஓர் எலும்பு மட்டும் கூராகப் புடைத்து, கூடவே மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால், எலும்புக் காசநோய் என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1779இலேயே இந்தப் புடைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். காசநோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. வளரும் பிள்ளைகளின் முதுகு பக்கவாட்டில் கோணுகிறதா என்று பார்க்க, கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்பது எளிய, நல்ல வழி. ஒரு பக்க விலா மேலெழுந்து தெரிந்தால் அடுத்த கட்டம் எக்ஸ்ரே. இந்த இடங்களிலெல்லாம் கண் தீர்ப்புச் சொல்வதில்லை, அடுத்த பரிசோதனைக்கு அனுப்பிவைக்கிறது.

எனவே உங்களிடம் யாராவது "வளைவு அதிகம்" என்றால், சண்டை போட வேண்டாம். எப்படி அளந்தீர்கள், என்னுடைய வலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு, அது மாறாவிட்டாலும் வலி குறையுமா என்று கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். உங்கள் காலின் பலத்தை, தொடு உணர்வை, முழங்காலையும் குதிகாலையும் தட்டினால் வரும் துடிப்பை, காலை நீட்டித் தூக்கும்போது வலி எங்கே இறங்குகிறது என்பதைச் சோதித்திருப்பார். எவ்வளவு நேரம் தறியில் உட்கார முடிகிறது, எத்தனை குடம் தண்ணீர் தூக்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று எழுதிவைத்திருப்பார். ஒரு மாதம் கழித்து ஒப்பிட இவைதான் பயன்படும். வளைவைக் காரணம் காட்டி பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டச் சொன்னாலோ, வளைவை நேராக்குகிறேன் என்று மொத்தமாக முன்பணம் கேட்டாலோ, இன்னொருவரிடம் காட்டிவிட்டு வந்து முடிவு செய்யுங்கள்.

'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்களை ஒட்டிக் காட்டும் விளம்பரங்களுக்கும் இதே அளவுகோல்தான். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, கை எங்கே இருக்கிறது, முழங்கால் விறைத்திருக்கிறதா, உடுப்பு அதேதானா என்று பாருங்கள். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினாலே இரண்டாவது படம் தயார்.

வளைவு எப்படியிருந்தாலும் காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் இருப்பவர்கள் காலை பஸ்ஸுக்கு என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு இரவோடு இரவாகக் கீழே இறங்கிவிடுங்கள். நரம்பு நசுங்கிக் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அங்கே கணக்கு.